புதிய பதிப்புகளைக் கண்காணித்தல்: திறந்தமூல மென்பொருளும் நிர்வாகப் பொறுப்பும்

அரசு அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் திறந்தமூல மென்பொருள்கள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. மைய அரசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை இதற்கு ஊக்கமளித்தது. கொள்முதலின்போது திறந்தமூல மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும், அதனை விலக்கினால் காரணம் காட்ட வேண்டும் என்று அக்கொள்கை வகுத்தது. உரிமக் கட்டணம் இல்லாமை, மூல நிரலை ஆராய்ந்து திருத்தும் உரிமை ஆகிய நன்மைகளைப் பலரும் அறிவர். ஆயின், இந்நன்மைகளுடன் சேர்ந்து வரும் கடமை ஒன்று போதிய அளவு உணரப்படவில்லை.

விலைக்கு வாங்கிய மென்பொருளில் குறை காணப்பட்டால், விற்ற நிறுவனத்தை ஒப்பந்தத்தின் வழியே பொறுப்பாக்க இயலும். திறந்தமூல மென்பொருளை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்பவர் யார் என்பது அதனை ஆக்கியோருக்கே பெரும்பாலும் தெரியாது. எனவே, திருத்திய பதிப்பு வெளிவந்துள்ளதா என்று அறியும் பொறுப்பு பயன்படுத்துவோரையே சார்கிறது. ஒரு கணிப்பொறியில் நூற்றுக்கணக்கான மென்பொருள் தொகுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. ஊழியர் ஒருவர் நாள்தோறும் ஒவ்வொன்றின் வெளியீட்டுப் பக்கத்தையும் பார்த்து வருதல் நடைமுறைக்கு ஒவ்வாது. இப்பணியை எந்திரத்திடமே ஒப்படைத்தல் வேண்டும்.

கண்காணிப்பு நடைபெறும் முறை

1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் தன்னார்வலர் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்க அமைப்பும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. டெபியனின் தொகுப்புகளுடன் 'வாட்ச்' எனப்படும் சிறு கோப்பு ஒன்று வைக்கப்படுகிறது. மூல மென்பொருள் வெளியாகும் இணைய முகவரியும், வெளியீட்டுக் கோப்பின் பெயர் எவ்வாறு அமையும் என்ற வாய்பாடும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். 'யுஸ்கேன்' என்னும் நிரல் அம்முகவரிக்குச் சென்று, வாய்பாட்டுக்குப் பொருந்தும் பெயர்களைத் திரட்டி, அவற்றிலுள்ள பதிப்பு எண்களைப் பிரித்தெடுத்து, கைவசமுள்ள எண்ணுடன் ஒப்பிடுகிறது. ஃபெடோரா திட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அங்குள்ள கண்காணிப்பு அமைப்பின் பெயர் 'அனித்யா'. நிலையாமையைக் குறிக்கும் இவ்வடசொல் இப்பணிக்கு மிகவும் பொருந்துகிறது.

ஒப்பிடுதல் எளிதாகத் தோன்றினும் அதில் நுட்பங்கள் உண்டு. பல திட்டங்கள் பதிப்பு எண்ணை மூன்று பகுதிகளாக அமைக்கின்றன. முதற் பகுதி அடிப்படை மாற்றத்தையும், இரண்டாவது புதிய வசதிகளையும், மூன்றாவது பிழைதிருத்தத்தையும் குறிக்கும். இவ்வெண்களைத் தசமமாகக் கருதினால் 1.10 என்பது 1.9-ஐ விடச் சிறியதாகிவிடும். உண்மையில் அதுவே பிந்திய பதிப்பு. 2.0-க்கு முன்னர் வெளிவரும் சோதனைப் பதிப்பை அதற்குப் பிந்தியதாகக் கொள்ளும் தவறும் நேரலாம். இவற்றைத் தவிர்க்கும் விதிகள் கண்காணிப்பு நிரல்களில் சேர்க்கப்பட்டுள்ளன.

அறிந்தும் செயற்படாமை

2017 மார்ச் தொடக்கத்தில் 'அபாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்னும் திறந்தமூல மென்பொருளில் கடுமையான குறை ஒன்றும் அதற்கான திருத்தமும் அறிவிக்கப்பட்டன. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் என்னும் கடன் தகவல் நிறுவனத்திற்கும் எச்சரிக்கை சென்றது. நிறுவனத்திற்குள் அது சுற்றறிக்கையாகவும் அனுப்பப்பட்டது. ஆனால் பெறுநர் பட்டியல் பழையதாக இருந்தமையால் திருத்தத்தை நிறுவ வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018-இல் சுட்டிக்காட்டியது. மே மாதத்தில் ஊடுருவியோர் ஜூலை இறுதி வரை தரவுகளைக் கவர்ந்தனர். ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் மக்களின் விவரங்கள் பறிபோயின. திருத்தம் வெளியாகி இரண்டு மாதங்களுக்குப் பின்னரே தரவுகளைக் கவர்தல் தொடங்கியது என்பது கருதத்தக்கது.

ஒரு முறை அறிந்தால் போதும் என்பதும் இல்லை. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' மென்பொருளின் குறையை நீக்க 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என நான்கு பதிப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதல் திருத்தத்துடன் நின்றவர்கள் முழுப் பாதுகாப்புப் பெறவில்லை.

விரைந்து நிறுவுதலின் தீங்கு

இதற்கு மறுபுறமும் உண்டு. 2024-இல் 'எக்ஸ்இசட்' என்னும் தரவுச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் மறைமுக நுழைவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. அதனை இயக்கும் பகுதி பொதுக் களஞ்சியத்தில் காணப்படவில்லை. வெளியீட்டுக் கோப்பில் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது. டெபியனின் சோதனைப் பிரிவுகளில் அப்பதிப்பு இடம்பெற்றுவிட்டது. நிலையான பிரிவில் இடம்பெறவில்லை. புதிய பதிப்பை உடனே அறிவது வேறு, உடனே நிறுவுவது வேறு என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

அலுவலகங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, எந்தக் கணிப்பொறியில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எவற்றைச் சார்ந்து இயங்குகிறது என்ற பட்டியல் வேண்டும். இத்தகைய மென்பொருள் உட்கூறுப் பட்டியலுக்கான வழிகாட்டுநெறிகளை 'செர்ட்-இன்' அமைப்பு 2024-இல் வெளியிட்டுள்ளது. இரண்டாவதாக, அப்பட்டியலிலுள்ள ஒவ்வொன்றும் தானியங்கிக் கண்காணிப்புக்கு உட்படுத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, அறிவிப்பு வந்ததும் நடவடிக்கை எடுக்க வேண்டியவர் பெயரால் அன்றிப் பதவியால் குறிக்கப்பட வேண்டும். மாறுதலாகிச் சென்றவருக்கு அனுப்பப்படும் அறிவிப்பு பயனற்றது. நான்காவதாக, மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்த்து, சோதனைக் கணிப்பொறியில் இயக்கிப் பார்த்த பின்னரே பதிப்பை மாற்ற வேண்டும். கையொப்பம் கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பதை மட்டுமே உறுதிசெய்யும் ஆதலால், சோதனையைக் கைவிடலாகாது. பாதுகாப்புத் திருத்தமாயின் இச்சோதனைக்குக் குறுகிய காலவரம்பும் விதித்தல் நலம்.

இடைவிடாது பார்த்துக்கொண்டிருப்பது எந்திரத்தால் இயலும். எதை ஏற்பது, எப்போது ஏற்பது என்று முடிவு செய்தல் அலுவலரின் பொறுப்பாகும். ஓய்வூதியமும் பட்டாவும் கணிப்பொறி வழியே வழங்கப்படும் இக்காலத்தில், இப்பொறுப்பைத் தொழில்நுட்பப் பிரிவின் வேலை என்று ஒதுக்காமல் நிர்வாகத்தின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.