பூட்டைத் திறந்தால் போதுமா?

அங்கன்வாடி என்பது சோறு போடும் இடம் மட்டுமன்று. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய இத்திட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சத்துணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஒருங்கே அளிப்பது.

2020 மார்ச்சில் கொரோனா மையங்களைப் பூட்டிற்று. உணவுப் பொருள்கள் வீடு தேடிச் சென்றன, உண்மையே. ஆனால், வீட்டுக்கு வந்த அரிசியும் பருப்பும் குடும்பம் முழுவதற்கும் பங்காகும். மையத்தில் இட்ட சூடான சோறோ குழந்தையின் வாய்க்கே செல்லும்!

2021 சனவரி 13-இல் உச்ச நீதிமன்றம், நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகள் நீங்கலாக, மையங்களைத் திறப்பது பற்றி அம்மாத இறுதிக்குள் முடிவு செய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது.

எடை குறைந்த குழந்தையைத் தேடிப் பிடித்தல், விடுபட்ட தடுப்பூசியைப் போடுவித்தல், காற்றோட்டமான இடத்தில் சிறு குழுக்களாக அமர்த்துதல் ஆகிய யாவும் சேர்ந்ததே திறப்பு என்பேன் நான். கல்லூரி மூடினால் நாம் நூலைப் பிரித்துப் படிக்கலாம்; நண்பர்களே, மூன்று வயதுக் குழந்தை எதைப் பிரிக்கும்?