எந்தத் தடை என்று பார்

செம்பூர், மும்பை

அன்புள்ள மகளுக்கு,

கீழே கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் எம்பிராய்டரி டிசைன்களை மாடியில் உன் லேப்டாப்பில் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். பென்டிரைவும் கையுமாக அந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்கி அண்ணனுக்கும் அலுத்துவிட்டதாம். தாராவியில் கீழே தொழில், மேலே குடித்தனம் என்றிருக்கும் வீடுகளில் இந்தத் தொல்லை சகஜம். நானே வந்து சரிசெய்தால் அடுத்த முறையும் எனக்குத்தான் போன் வரும். அதனால் வழியை எழுதிவிடுகிறேன்.

ஃபைல் பகிர்வு நின்றுபோனால் பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. ஏதோ ஒரு காரணத்துக்காக வைத்த தடைதான் குறுக்கே நிற்கும். அது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் நீக்க வேண்டும். திரையில் வரும் வாசகமே பாதி சொல்லிவிடும். ‘நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்டு’ என்றால் நீ இன்னும் அந்தக் கம்ப்யூட்டரையே அடையவில்லை. பாஸ்வேர்டு கேட்டால் அடைந்துவிட்டாய், ஆள் யார் என்று கேட்கிறது. ‘ஆக்சஸ் டினைடு’ என்றால் ஆளைத் தெரிந்துகொண்டது, ஆனால் அனுமதி இல்லை.

முதலில் பாதை. கடைக் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போயிருக்கிறதா பார்த்துக்கொள். பிறகு இரண்டிலும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடி. ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று எண்களைச் சாலின் (வரிசை வீட்டுக் குடியிருப்பின்) பெயர் என்றும், கடைசி எண்ணை ரூம் நம்பர் என்றும் வைத்துக்கொள். கீழே 192.168.1.5, மேலே 192.168.1.8 என்றால் ஒரே சால். மேலே 192.168.0.8 என்று வந்தால், மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை என்று வைத்தீர்களே, அந்த இரண்டாவது ரூட்டர் தனி நெட்வொர்க் நடத்துகிறது. அப்போது மேலிருந்து எண்ணைச் சொல்லிக் கீழே போக முடிந்தாலும், கம்ப்யூட்டரின் பெயரைச் சொன்னால் தெரியாது. கீழிருந்து உன் லேப்டாப்புக்கு வரவும் முடியாது. அந்த ரூட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்று. 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் ரூட்டர் முகவரியே கொடுக்கவில்லை. கேபிளையும் வைஃபையையும் பார். ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தால் வெளியே வா. விருந்தாளி வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூடாது என்றே அது இருக்கிறது.

அடுத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று நேராக அடி. எண்ணுக்குத் திறந்து, பெயருக்குத் திறக்கவில்லை என்றால் பாதை சரி, பெயர்தான் சிக்கல். கடைக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் அதே எண்ணைக் கொடுக்கும்படி ரூட்டரில் வைத்துவிட்டால் போதும்.

எண்ணுக்கும் திறக்கவில்லையா? கடைக் கம்ப்யூட்டரில் வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருக்கலாம். ரயில் நிலையத்து வைஃபையில் முன்பின் தெரியாதவர்கள் உன் ஃபோல்டரைப் பார்க்காமலிருக்க விண்டோஸ் போட்ட தடை அது. வீட்டு வைஃபையை ‘பிரைவேட்’ ஆக்கி, ‘ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங்’கை இயக்கு.

பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டரைத் திறக்க அண்ணன் தட்டும் நாலு இலக்கப் பின் நம்பர் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. கடைக் கம்ப்யூட்டரில் உனக்கென்று தனிக் கணக்கு ஒன்றைப் பாஸ்வேர்டோடு உண்டாக்கி, லேப்டாப் கேட்கும்போது அந்தக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடு. பிறகும் ‘ஆக்சஸ் டினைடு’ வந்தால், ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ இரண்டையும் பார். இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். டிசைன் ஃபோல்டரை மட்டும் பகிர். கணக்கு வழக்கு இருக்கும் டிரைவைத் தொடாதே.

யூடியூபில் இரண்டு குறுக்குவழி சொல்வார்கள்: ஃபயர்வாலை அணை, எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை இயக்கு. இரண்டும் வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீம்பொருள் உலகமெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் மருந்து கொடுத்திருந்தும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. ஜூன் 27 அன்று வந்த நாட்பெட்யாவும் பரவுவதற்கு அதே ஓட்டையைப் பயன்படுத்தியது. நமக்கு எதிர்க்கரையில், ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய சரக்குப் பெட்டக முனையம் அதில் முடங்கியது. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 முதல், புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 கூடவே வருவதில்லை. பழைய வீடியோக்கள் சொல்லும் ‘ஹோம்குரூப்’பும் 2018-இல் போய்விட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதே.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பலன் இல்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. நாலைந்தைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. தேவையில்லாத கதவுகளும் திறந்தே கிடக்கும். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால், எந்தப் படியில் நின்றது, திரையில் என்ன வந்தது என்று அப்படியே எழுதி அனுப்பு. அங்கிருந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா