பழைய வண்டிக்கு ஈயமில்லா பெட்ரோல்: அச்சம் வேண்டாம், அளவு பாருங்கள்

இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயமில்லா பெட்ரோல்தான் விற்பனையாகிறது. ஆனாலும், ‘ஈயம் இல்லாவிட்டால் பழைய இன்ஜின் கெட்டுவிடும்’ என்ற அச்சம் நீடிக்கிறது. அதில் பாதி உண்மை. எரிந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் இடையே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. படலம் இல்லாதபோது மென்மையான வார்ப்பிரும்பு சீட் தேயலாம். ஆனால் அது பெரும்பாலும் நெடுநேர அதிவேகத்திலும் அதிகப் பாரத்திலும்தான் நேரும். நிதானமாக ஓடும் வண்டிக்கு ஆபத்து குறைவு. அலுமினிய ஹெட்டில் தனி சீட் வளையம் இருப்பதால் கவலை இன்னும் குறைவு. டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களில் இத்தகைய வால்வே கிடையாது.

‘தேய்வது எப்படித் தெரியும்?’ என்று கேட்கலாம். சீட் தேயத் தேய வால்வு உள்ளே இறங்கும்; டேப்பட் இடைவெளி சுருங்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த அளவைக் குறித்து வையுங்கள். திரும்பத் திரும்பச் சுருங்கினால், அடுத்து ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். அதுவே நிரந்தரத் தீர்வு. இன்ஜின் தட்டினால் காரணம் வேறு: இக்னிஷன் டைமிங்கைச் சரிபாருங்கள், தேவையானால் ஆக்டேன் கூடிய பெட்ரோல் போடுங்கள்.

‘கொஞ்சம் ஈயம் கலந்தால் என்ன?’ என்பதை ஏற்கவே முடியாது. ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சீட்டை மாற்றிவிடலாம், அந்தப் பாதிப்பை மாற்ற முடியாது.