கூண்டின் காற்றும் இக்குவானாவின் தோலும்

வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வரும் வெளியூரார், தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்புவதில்லை. உயிருள்ள பல்லியினத்தை வீட்டிலேயே வளர்க்க விரும்புவோரும் இன்று உண்டு. உடும்பை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே அவர்கள் நாடுவது அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த பச்சை இக்குவானாவை. அதையும் அரசிடம் பதிவு செய்தே வளர்க்க வேண்டும்.

மழைக்காட்டு உயிரியான அதற்கு 60 முதல் 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் தேவை. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை எனலாம். குறை, கூண்டில் எரியும் விளக்கால் வருகிறது. வெளிவெப்பத்தை நம்பி வாழும் இக்குவானா குளிர்காய, ஒரு மூலையில் ஏறக்குறைய 35 பாகை வெப்பம் வேண்டும். 25 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 35 பாகையிலோ சுமார் 40 கிராம். எனவே 25 பாகையில் தெவிட்டிய காற்றைக்கூட 35 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரும் குறையாமலே, ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும்!

காற்று வறண்டால் பாவு இழை அறும் என்பது நம் நெசவாளர் அறிந்ததே. தறிக்குழியின் ஈரமண் அதற்கு ஒரு காப்பு. கூண்டிலோ அறுபடுவது இழையன்று. வறட்சியில் இக்குவானாவின் தோல் முழுமையாக உரியாது. விரல்களிலும் வால் நுனியிலும் தங்கிவிட்ட பழந்தோல் வளையம்போல் இறுகும். குருதியோட்டம் நின்று விரலே அழுகி விழும். நீடித்த வறட்சி சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அதற்காகக் கூண்டை மூடி நீரைக் கொட்டுவது மடமை. தேங்கிய ஈரத்தில் பூஞ்சை வளரும், தோலில் புண் வரும். விளக்கை ஒரு மூலையில் மட்டும் வைத்து, எதிர்மூலையை நிழலாக விட வேண்டும். அகன்ற நீர்த்தொட்டியும், இலை அகன்ற செடிகளும் வேண்டும். காலையும் மாலையும் நீர் தெளிக்கலாம். மேல்வலையில் பாதியை மூடினால் ஆவி விரைந்து ஓடாது, மறுபாதி காற்றுக்கு.

அளவையும் இருமூலைகளிலும் எடுக்க வேண்டும். விலை கூடிய கருவி வேண்டுவதில்லை. நம் ஆய்வுக்கூடத்தில் பழகும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளே போதும். உலர்குமிழ் 30 பாகையும் ஈரக்குமிழ் 25 பாகையும் காட்டினால் ஈரப்பதம் ஏறக்குறைய 67 விழுக்காடு. இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் காற்று தெவிட்டிவிட்டது. அன்று நீர் தெளிக்காமல் வலையைத் திறந்துவிட வேண்டும்.