பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? கார்டு விலை வேற, மொத்தச் செலவு வேற!

வழக்கமா சம்பளம், சேமிப்பு, இஎம்ஐ பத்திப் பேசுவோம். இன்னைக்கு கேபினெட் மூடியைத் திறந்து ஒரு கணக்குப் போடப் போறோம். போனஸ் கைக்கு வந்ததும் "வீட்டுல இருக்கற பழைய சிஸ்டத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுடலாமா?" என்று யோசிக்கிறவங்களுக்கான பாடம் இது. இதை நான் புத்தகத்துல படிக்கல. என் காசைக் கொடுத்துக் கத்துக்கிட்டேன்.

முதல்ல என் கதை

எனக்கு பழையசீவரம். பாலாத்தங்கரை, மலை மேல லட்சுமி நரசிம்மர். மாட்டுப் பொங்கலுக்கு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் எங்க மலைக்கு பார்வேட்டைக்கு எழுந்தருளுவார். 2023 ஜனவரியில் அந்தத் திருவிழாவை என் போனில் 4கே வீடியோவா எடுத்தேன். எடிட் பண்ண உட்கார்ந்தா, டைம்லைன் நகரவே இல்ல. ஒரு கட் போட்டா பத்து நொடி ஆகுது.

என்னிடம் இருந்தது ஆபீஸ்ல ஓடி முடிச்சு, செகண்ட் ஹேண்டில் வந்த டெஸ்க்டாப். நாலாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். அப்போ ஒரகடத்துல ஒரு கம்பெனியில் மாசம் 24,000 சம்பளம். "கிராபிக்ஸ் கார்டு இல்லாததுதான் பிரச்சினை" என்று நானே முடிவு பண்ணி, 18,000 ரூபாய்க்கு ஒரு கார்டை ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐயில் வாங்கினேன். அந்தக் கார்டு 8 பின் பவர் கனெக்டர் கேட்டது. என் சிஸ்டத்துல அது இல்ல. கடைக்காரர், "இந்த அடாப்டர் போட்டா ஓடும் தம்பி" என்று 250 ரூபாய்க்கு ஒரு வயரைக் கொடுத்தார்.

ஓடத்தான் செஞ்சுது, பத்து நாள். பதினோராவது நாள் ரெண்டர் போட்டு வெச்சிருந்தப்போ கருகின வாசனை. எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் போச்சு. கார்டு மட்டும் பிழைச்சுது. அதே மாடல் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பழசா தேடிப் போட 5,500 ஆச்சு. இஎம்ஐ இன்னும் அஞ்சு மாசம் பாக்கி. அதே மாசம் வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவு. அவசர நிதின்னு தனியா எதுவும் என்கிட்ட இல்ல, நண்பன் கிட்ட கடன் வாங்கினேன்.

சரி, தப்பு எங்க ஆச்சு? ஒவ்வொரு படியா பார்ப்போம்.

படி 1: எது மெதுவா இருக்குன்னு கண்டுபிடிங்க (செலவு: 0)

உங்க வேலையை ஓட விட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்க.

- டிஸ்க் 100 சதவீதத்துல நின்னா, உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி.
- ரேம் 90 சதவீதத்துக்கு மேல இருந்தா, தேவை ரேம்.
- ப்ராசஸர் 100 சதவீதம், ஜிபியு பாதிதான் வேலை செய்யுதுன்னா, புதுக் கார்டு போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.
- ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நிக்குது, மத்ததெல்லாம் சும்மா இருக்குன்னா, அப்போதான் கிராபிக்ஸ் கார்டு பேச்சு.

கேம் ஆடறவங்களுக்கு இன்னொரு சோதனை. கேம் செட்டிங்கில் ரெசல்யூஷனையும் கிராபிக்ஸையும் நல்லா குறைச்சுப் பாருங்க. எஃப்பிஎஸ் ஏறினா, தடை கார்டுகிட்ட இருக்கு. ஏறவே இல்லன்னா தடை ப்ராசஸர்கிட்ட இருக்கு, கார்டு மாத்திப் பிரயோஜனம் இல்ல.

நான் இதைப் பார்த்தது எல்லாம் எரிஞ்ச பிறகு. டிஸ்க் 100, ரேம் 96. செகண்ட் ஹேண்ட் 8 ஜிபி ரேமும் 480 ஜிபி எஸ்எஸ்டியும் சேர்த்து 3,700 ரூபாய்க்கு மாட்டினதும் சிஸ்டமே வேற மாதிரி ஆச்சு.

வீடியோ எடிட் பண்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இப்போ பல போன்கள் ஹெச்இவிசி முறையில் வீடியோவைப் பதியும். நாலாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரில் அதைப் பிரிச்சுக் காட்டும் தனி வன்பொருள் இல்ல, முழு வேலையும் ப்ராசஸர் தலையில் விழும். அந்த இடத்துல கார்டு உண்மையிலேயே உதவும். ஆனா அதுக்கு முன்னாடி காசில்லாத வழி ஒண்ணு இருக்கு: ப்ராக்ஸி. எடிட்டிங் சாஃப்ட்வேரில் 4கே வீடியோவுக்கு 720பி நகல் ஒண்ணு தயார் பண்ணி, அதுல எடிட் செஞ்சு, கடைசியில் அசல் தரத்தில் எக்ஸ்போர்ட் பண்ணலாம். எக்ஸ்போர்ட் நேரம் குறையாது. ஆனா உட்கார்ந்து வேலை செய்ய முடியும்.

படி 2: மூடியைத் திறந்து கரண்ட் கணக்குப் போடுங்க

மதர்போர்டில் கார்டு மாட்டும் பெரிய ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதுக்கு மேல வேணும்னா எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தனி வயர் வரணும். 6 பின் வயர் 75 வாட், 8 பின் வயர் 150 வாட்.

என் சிஸ்டத்துல எஸ்எம்பிஎஸ் 240 வாட். ப்ராசஸர் 84, கார்டு 125, மத்ததுக்கு ஒரு 50. கூட்டினா 259. கூட்டல் தெரிஞ்சவன் போடற கணக்குதான், நான் போடல. அந்த 250 ரூபாய் அடாப்டர் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரில் இருந்து கரண்ட் எடுத்தது. அந்த கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். 8 பின் அதுகிட்ட 150 வரைக்கும் கேட்கலாம். வயர் உருகாம என்ன பண்ணும்?

அதனால இந்த ஐந்தையும் ஒரு பேப்பரில் எழுதிக்குங்க:

- எஸ்எம்பிஎஸ் லேபிளில் +12 வோல்ட் பக்கத்தில் எத்தனை ஆம்பியர்? அதை 12ஆல் பெருக்குங்க. 18 ஆம்பியர்னா 216 வாட். மேல "450 வாட்" என்று பெருசா போட்டிருந்தாலும், கார்டுக்கும் ப்ராசஸருக்கும் கிடைப்பது இதுதான்.
- 6 பின், 8 பின் வயர் அசலாவே இருக்கா?
- கேபினெட் முழு உயரமா, ஒல்லியானதா? ஒல்லி கேபினெட்டுக்கு லோ ப்ரொஃபைல் கார்டுதான் நுழையும்.
- கார்டு நீளத்துக்கு உள்ளே இடம் இருக்கா? ஸ்கேல் வெச்சு அளங்க.
- பயாஸ் யுஇஎஃப்ஐ வகையா? ரொம்பப் பழைய போர்டுகளில் புதுக் கார்டு போட்டா திரையே வராம போகலாம்.

பிராண்டட் ஆபீஸ் டெஸ்க்டாப் வெச்சிருக்கறவங்க இன்னொன்னும் பாருங்க. பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டரே அந்தக் கம்பெனியோட சொந்த டிசைன். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரா பொருந்தாது.

படி 3: பழைய சிஸ்டத்துக்கு எந்தக் கார்டு?

பவர் வயர் இல்லாத சிஸ்டத்துக்கு 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் பாதுகாப்பு.

- ஜிடிஎக்ஸ் 1050 டிஐ (2016), 75 வாட், 4 ஜிபி. செகண்ட் ஹேண்டில் நிறைய வரும். ஆனா இந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோட முடிஞ்சாச்சு, 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.
- ஜிடிஎக்ஸ் 1650 (2019), 75 வாட், 4 ஜிபி. சில மாடல்களில் 6 பின் கேட்கும், பெட்டியைப் பார்த்து வாங்குங்க.
- ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி (2024), 70 வாட். இதே பெயரில் 8 ஜிபி மாடலும் இருக்கு. அது 130 வாட், தனி வயர் கேட்கும். பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.
- ஆர்எக்ஸ் 6400 (2022), 53 வாட். கரண்ட் குறைவு, ஆனா வீடியோ எக்ஸ்போர்ட்டுக்கு உதவும் என்கோடர் இதுல கிடையாது. ஸ்லாட்டில் நாலு லேன் மட்டுமே பயன்படுத்தும், அதனால பழைய போர்டில் வேகம் இன்னும் குறையும். எடிட்டிங்குக்கு வேண்டாம்.
- இன்டெல் ஆர்க் ஏ380, 75 வாட். வீடியோ வேலைக்கு நல்ல கார்டு. ஆனா ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் கேம் வேகம் நல்லாவே அடிவாங்கும். சில மாடல்கள் தனி வயரும் கேட்கும்.

படி 4: மொத்த பில் போடுங்க

விலை வாரா வாரம் மாறும். அதனால இது புரியறதுக்கான உதாரணக் கணக்கு. உங்க ஊர் விலையை நீங்க நிரப்பிக்குங்க.

- வழி அ: எஸ்எஸ்டி, ரேம் மட்டும். 4,000 ரூபாய்.
- வழி ஆ: அதோட 75 வாட் கார்டு 17,000. மொத்தம் 21,000.
- வழி இ: அதோட 8 பின் கார்டு 28,000, நல்ல எஸ்எம்பிஎஸ் 4,500. மொத்தம் 36,500.

வழி இ-யில் கரண்ட் பில்லும் ஏறும். கூடுதலா 150 வாட், தினம் 4 மணி நேரம், 60 நாள் என்றால் 36 யூனிட். உங்க வீடு ஏற்கனவே இரண்டு மாசத்துக்கு 500 யூனிட் பக்கத்துல இருந்தா, இந்த 36 உங்களை அடுத்த ஸ்லாப்புக்குத் தள்ளிடும்.

இன்னொரு கேள்வி: இந்த மெஷினுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுசு? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றைக்கு முடிஞ்சது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா எட்டாம் தலைமுறை இன்டெல்லில் இருந்துதான். அதுக்கும் பழைய ப்ராசஸரோட இன்னைக்கு மதிப்பே சில ஆயிரம்தான். அதுக்குள்ள 28,000 ரூபாய் கார்டைப் போடறது, பழைய மொபெட்டுக்கு புல்லட் இன்ஜின் மாட்டற மாதிரி. நாளைக்குப் புது சிஸ்டம் கட்டும்போது இதே கார்டைக் கழட்டிப் போடுவேன் என்று திட்டம் இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

படி 5: நோ காஸ்ட் இஎம்ஐயில் காஸ்ட் எங்கே?

என் 18,000 ரூபாய் கார்டையே எடுத்துக்குவோம். மாசம் 3,000, ஆறு மாசம். பார்த்தா வட்டியே இல்லாத மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது இது: 16 சதவீத வட்டின்னா, பேங்க் கணக்கில் கடன் சுமார் 17,190 ரூபாய், வட்டி சுமார் 810. அந்த 810ஐ "தள்ளுபடி" என்று விலையில் கழிச்சிடறாங்க. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி நம்ம தலையில், சுமார் 146. ப்ராசஸிங் ஃபீ 199, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 380 ரூபாய் கூடுதல். ரொக்கமா கொடுத்திருந்தா கடையில் பேரம் பேசி குறைச்சிருக்கலாம், அதுவும் போச்சு. ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிடுச்சு.

380 ரூபாய் பெரிய காசு இல்லதான். பெரிய விஷயம் என்னன்னா, மாசம் 3,000 என்று பார்த்ததால்தான் 18,000 எனக்குச் சின்னதா தெரிஞ்சது. மொத்தமா கையில் எண்ணிக் கொடுக்கணும்னு இருந்தா, ஒரு வாரம் யோசிச்சிருப்பேன். அந்த ஒரு வாரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்திருப்பேன்.

படி 6: செகண்ட் ஹேண்ட் வாங்கினா

எங்க ஊர்ல இருந்து செங்கல்பட்டு வழியா ரயில் பிடிச்சு எழும்பூரில் இறங்கினா, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், அதனால ஒரு லீவு போடணும். அந்த ஒரு நாள் சம்பளத்தையும் செலவில் சேருங்க. திரும்பப் போனா இன்னொரு நாள். ஆகவே அங்கேயே முடிச்சுட்டு வாங்க:

- கார்டைக் கடை சிஸ்டத்தில் மாட்டி, 15 நிமிஷம் லோடு போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. திரையில் கோடு, புள்ளி வந்தா வேண்டாம்.
- ஜிபியு-இஸட் மென்பொருளில் மாடல் பெயரும் மெமரியும் சரியா என்று பாருங்க. பழைய கார்டுக்குப் புதுப் பெயர் போட்டு விற்கிறவங்க உண்டு.
- ஃபேன் சத்தம், ஸ்க்ரூ மேல உள்ள ஸ்டிக்கர், பின்பக்கம் நிறம் மாறின இடம், எல்லாம் பாருங்க.
- பில்லில் சீரியல் நம்பரும் "இத்தனை நாள் மாற்றித் தரப்படும்" என்ற வரியும் எழுதி வாங்குங்க. வாய் வார்த்தை வாலாஜாபாத் வரைக்கும் கூட வராது!

என் மூணு விதி

1. டாஸ்க் மேனேஜர் "ஜிபியுதான் தடை" என்று காட்டாம ஒரு ரூபாய் கூட கார்டுக்கு இல்ல.
2. மொத்த பில்லும் ரொக்கமா கையில் இருக்கணும். அதைக் கொடுத்த பிறகும் குறைஞ்சது மூணு மாசச் செலவுக்கு அவசர நிதி தொடாம இருக்கணும்.
3. அந்தக் கார்டு சம்பாதிச்சுக் கொடுக்குமா, சந்தோஷம் மட்டும் கொடுக்குமா என்று நேர்மையா எழுதுங்க. சந்தோஷத்துக்குச் செலவு பண்றது தப்பே இல்ல. ஆனா அது சந்தோஷ பட்ஜெட்டில் இருந்து வரணும், "முதலீடு" என்று பெயர் மாத்தி வரக்கூடாது.

என் கணக்கை முடிச்சுடறேன். கார்டு 18,000, இஎம்ஐ கூடுதல் 380, அடாப்டர் 250, எரிஞ்சதை மாத்த 5,500. மொத்தம் 24,130. கிட்டத்தட்ட ஒரு மாச சம்பளம். கார்டை 11,000க்கு வித்து நண்பனோட கடனை அடைச்சேன். மிச்ச நஷ்டம் 13,130. கடைசியில் பார்வேட்டை வீடியோவை எடிட் பண்ணி முடிச்சது 3,700 ரூபாய் எஸ்எஸ்டியும் ரேமும், ப்ராக்ஸியும்தான். ஒரு வருஷம் கழிச்சு, காசு சேர்த்து ஒரு 75 வாட் கார்டு ரொக்கமா வாங்கினேன். எக்ஸ்போர்ட் நேரம் பாதிக்கும் கீழ வந்துது. கார்டு கெட்ட பொருள் இல்ல நண்பர்களே, நான் வாங்கின வரிசைதான் தப்பு.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் வீட்டுப்பாடம் இதுதான்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து நாலு சதவீதத்தையும், எஸ்எம்பிஎஸ் லேபிளில் உள்ள ஆம்பியரையும் எழுதிக்குங்க. அந்தப் பேப்பர் கையில் இல்லாம கடைப்பக்கம் போகாதீங்க. கேபினெட்டைத் திறந்து இதையெல்லாம் எப்படிப் பார்க்கறதுன்னு வீடியோவில் காட்டறேன், அங்கே சந்திப்போம்!