டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் செய்வார்?

பி.எஸ்சி. நர்சிங் படித்த எவருக்கும் டொரோத்தியா ஓரெம் பெயர் தெரிந்திருக்கும். அவருடைய சுயபராமரிப்புக் கோட்பாட்டைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். சேலம், குமாரபாளையம், திருச்செங்கோடு கல்லூரிகளிலிருந்து வார்டுக்கு வரும் இளம் நர்ஸ்கள் பலர், டியூட்டியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அதை மறந்துவிடுகிறார்கள். மறக்கக் கூடாத பாடம் அது. சுகர், பி.பி., சிறுநீரகக் கோளாறு என்று ஆயுள் முழுக்கச் சிகிச்சையோடு வாழ வேண்டியவர்கள்தான் இன்று நம் ஓ.பி.யை நிரப்புகிறார்கள். அவர்களுக்கு இதைவிட உதவும் பாடம் நர்சிங்கில் குறைவு.

ஓரெம் தன் கோட்பாட்டை 1971இல் நூலாக வெளியிட்டார். அவர் சொன்னதன் சாரம் எளிது. தன் உடலைத் தானே பார்த்துக்கொள்ளும் திறன் மனிதருக்கு உண்டு. நோய் வரும்போது தேவை கூடுகிறது, திறன் குறைகிறது. இடையில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் நர்ஸ். நினைவில்லாமல் கிடப்பவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்கிறோம். ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்காருபவருக்குப் பாதி நாம், பாதி அவர். நடந்து வந்து மாத்திரை வாங்கிப் போகிறவருக்குக் கற்றுக்கொடுப்பதும் துணை நிற்பதும் மட்டுமே நம் வேலை.

ஒரே நோயாளி ஒரே வாரத்தில் இந்த மூன்று நிலைகளையும் கடந்துவிடுவார். நாம்தான் அவரோடு நகராமல் முதல் நிலையிலேயே நின்றுவிடுகிறோம். "நீங்க படுங்கய்யா, நான் பாத்துக்கறேன்" என்பது அன்பான சொல்தான். ஆனால் ஐந்து நாளும் நாமே இன்சுலின் போட்டுவிட்டு, ஆறாம் நாள் ஊசியையும் மருந்துக் கவரையும் கையில் கொடுத்து அனுப்பினால், அந்த ஐந்து நாளும் அவர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் பொருள். இரண்டாம் நாளே ஊசியை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நாமக்கல் லாரி டிரைவர் ஒருவருக்கு இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் அவர் மும்பைக்கு லோடு ஏற்றிப் போவார். வழக்கமான அறிவுரை அவருக்குப் பாதிதான் உதவும். 'ஃப்ரிட்ஜில் வையுங்கள்' என்கிறோம்; கேபினில் ஃப்ரிட்ஜ் ஏது? பயன்பாட்டில் இருக்கும் குப்பி, சூடு படாத இடத்தில் பொதுவாக ஒரு மாதம்வரை தாங்கும். எஞ்சின் பக்கமோ கண்ணாடி ஓரமோ வைத்தால் தாங்காது. சிறிய ஃப்ளாஸ்க்கில், ஐஸ் நேரடியாகப் படாமல் வைக்கச் சொல்லுங்கள். ஊசி தீர்ந்து வெளி மாநிலத்து மெடிக்கலில் வாங்க நேரும். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசி. மாறிப்போய், 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். இரண்டு ஊசியையும் மேசைமேல் வைத்துக் காட்டாமல் அவரை அனுப்பக் கூடாது.

சுகர் இறங்குவதைப் பற்றி இன்னும் நிதானமாகப் பேச வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு என்றால் உடனே வண்டியை ஓரம் கட்ட வேண்டும். அளவு 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முழுதாகத் தெளியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. குளுக்கோஸ் பாக்கெட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தன்னால் முடியாதபோது துணைக்கு இருப்பவரையும் ஓரெம் கணக்கில் சேர்த்தார். வார்டில் உடனிருப்பவர் மனைவி. ரோட்டில் உடனிருப்பவர் கிளீனர். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்று அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிளீனர் ஓ.பி.க்குக் கூட வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

ரோட்டில் மட்டுமல்ல, வீட்டிலும் இதே நிலைதான். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று, சேலத்துக்கு வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பி.பி. மாத்திரையோடு, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகளும் வீடு தேடி வருகின்றன. ஓரெம் பாடம் முழுமையாகச் சோதிக்கப்படும் இடம் இந்த டயாலிசிஸ்தான். ஒரு நாளில் பெரும்பாலும் மூன்று நான்கு முறை, நோயாளி தானே பையை மாற்றுகிறார். பக்கத்தில் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியில் வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருக்கும். பஞ்சுத் தூசி வீடு முழுக்கப் பறக்கும். அங்கே போய் 'சுத்தமான அறையில் செய்யுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த அறை, எந்த நேரம் தறி நிற்கும், ஈரத் துணியால் யார் துடைப்பார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவிய பிறகே குழாயைத் தொட வேண்டும். வெளிவரும் திரவம் கலங்கலாக இருந்தாலோ வயிறு வலித்தாலோ அன்றே அந்தப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வயிற்றுக்குள் தொற்று வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி அது. காலம் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

கற்றுக்கொடுத்தது நின்றதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. "புரிஞ்சுதாங்க?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங்க சிஸ்டர்" என்றுதான் நம் பக்கத்தில் பதில் வரும். மரியாதைக்குச் சொல்லும் பதில் அது. "வீட்ல அக்காகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க? எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டுங்கண்ணா" என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். ஒரு நர்ஸ் பல கட்டில்களைப் பார்க்கும் வார்டில் அது நியாயமான கேள்வி. தனி வகுப்பு எடுக்க முடியாதுதான். டிரஸ்ஸிங் செய்யும்போது, பி.பி. பார்க்கும்போது, ஒரு தடவைக்கு ஒரு விஷயம் என்று சொல்லலாம். சொன்னதையும் அவர் செய்து காட்டியதையும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் அங்கிருந்து தொடரலாம். என்.ஏ.பி.எச். தரச்சான்று பெறும் மருத்துவமனைகளில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுப்பது விதிமுறையிலேயே உள்ளது. அதற்கான பதிவைக் கேட்பார்கள். இன்டர்வியூவில் கோட்பாடு பற்றிக் கேட்டால், மனப்பாடம் செய்த விளக்கத்தைவிட நீங்கள் பார்த்த ஒரு நோயாளிக்கு அதை எப்படிச் செய்தீர்கள் என்ற பதிலே நிற்கும்.

மருந்தின் அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம். அந்த மருந்தை வீட்டில் தானே எடுத்துக்கொள்ளும்படி ஒருவரைத் தயார் செய்வது நம் வேலை. இன்றைய டியூட்டியில் இன்சுலினோடு டிஸ்சார்ஜ் ஆகப்போகும் ஒருவரையாவது தேர்ந்தெடுத்து, கவரைக் கொடுக்கும் முன் ஊசியை அவர் கையாலேயே ஒருமுறை போட வையுங்கள்.