வாளியில் நின்ற தண்ணீரைக் கொட்டாதீர்கள்

"ராத்திரி பூரா ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. பேப்பர்ல பார்த்தா எங்க தாலுகாவுக்கு 2 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு." மலையடிவாரத் தோட்டக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் தவறாமல் சொல்லும் குறை இது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். பேப்பரில் வருவது ஊருக்குள்ளோ அணையிலோ இருக்கும் மழைமானியின் கணக்கு. இடிமழையோ சில கிலோமீட்டர் அகலத்துக்குள்ளேயே கொட்டி முடித்துவிடும். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95, திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் என்று பதிவானதே, அது பரவலான பேய்மழை. பல மானிகளில் சிக்கியது. நாலு வீடு மட்டும் உள்ள ஓடைக்கரையில் பெய்வதை நீங்கள் அளந்தால்தான் உண்டு.

மழைமானி இருந்தால், அதன் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் மரமோ கூரையோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். மொட்டைமாடி வேண்டாம், காற்று மழையை அடித்துக்கொண்டு போய்விடும்.

மானி இல்லையா? முற்றத்தில் வெறுமையாகக் கிடந்த பெயின்ட் வாளி போதும். வாளி அடியில் குறுகியிருப்பதால் ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தால் கணக்கு தப்பும். தண்ணீரை லிட்டர் படியால் அளந்து, வாயின் பரப்பால் வகுங்கள். வாய் 28 சென்டிமீட்டர் குறுக்களவு என்றால் பரப்பு 616 சதுர சென்டிமீட்டர். 8 லிட்டர் நின்றிருந்தால் 8,000-ஐ 616-ஆல் வகுக்க, 13 சென்டிமீட்டர். வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 11.5 சென்டிமீட்டரைத் தாண்டினாலே மிக கனமழை. வாளி நிரம்பி வழிந்திருந்தால் 'குறைந்தது இவ்வளவு' என்று எழுதுங்கள். அதுவும் பயனுள்ள தகவல்தான். கூரைத் தண்ணீர் விழுந்த வாளியை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதைக் கைவேலை என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்மெத்போர்ட் பக்கம் 1942 ஜூலையில் நாலரை மணி நேரத்தில் சுமார் 78 சென்டிமீட்டர் கொட்டியது உலக சாதனைப் பட்டியலில் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய், பாத்திரங்களில் நின்ற நீரை அளந்து கண்ட கணக்கு அது.

காட்டாற்று வெள்ளத்துக்கு ஒருநாள் மொத்தம் போதாது. 10 சென்டிமீட்டர் நாள் முழுக்கத் தூறினால் மண் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் கொட்டினால் தரைப்பாலம் போய்விடும். ஆகவே வலுக்கும்போது மணிக்கொரு முறை பாருங்கள். மொத்தக் கணக்கை மட்டும் காலை 8.30-க்கு முடியுங்கள், அரசுக் கணக்கோடு ஒப்பிட அதுதான் தோது.

தண்ணீர் வடிந்ததும், அடுத்த மழை அழிக்குமுன் வெள்ளக்குறிகளைத் தேடுங்கள். கருவேல மரத்தில் சிக்கிய சருகை நம்புவதில் ஒரு சிக்கல்: வேகமாக வரும் நீர் மரத்தில் மோதி மேலேறிச் சருகை உயரத்தில் விட்டுவிடும். ஓடை வளைவின் வெளிக்கரையிலும் இப்படித்தான். பம்ப்செட் அறையின் உள்சுவரில் படிந்த சேற்றுக்கோடுதான் என் கணிப்பில் முதல்தரச் சாட்சி. பெயின்டால் கோடு போட்டு, தேதி எழுதி, அளவுகோலை ஒட்டிவைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

ஓட்டத்தின் அளவு வேண்டுமென்றால், மிதந்து வரும் மட்டையோ தேங்காயோ 20 மீட்டர் கடக்க எத்தனை விநாடி என்று மேட்டில் நின்றபடி பாருங்கள். 10 விநாடி என்றால் மேல்மட்ட வேகம் விநாடிக்கு 2 மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் அதை 0.85-ஆல் பெருக்கினால் 1.7. அகலம் 12 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 30 கனமீட்டர், அதாவது ஆயிரம் கனஅடிக்கு மேல். ஆழத்தை வடிந்த பிறகு, குறியிலிருந்து கயிறு கட்டி எடுங்கள். இரவிலும், தண்ணீர் ஏறும்போதும் கரைப்பக்கம் போகவே வேண்டாம்.

இத்தனையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு நேரங்கள். மேலே மழை பிடித்த நேரம், கீழே தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிய நேரம். முதலாவதைச் சொல்ல, மேலே ஆடு மேய்ப்பவரோ எஸ்டேட் காவலரோ ஒருவரின் போன் எண் கையில் இருக்கட்டும். நாலைந்து மழைக்கு இரண்டையும் எழுதி வைத்தால், உங்கள் ஓடைக்கு எவ்வளவு அவகாசம் என்பது பிடிபட்டுவிடும். பள்ளிப் பிள்ளைகளை எப்போது இக்கரையிலேயே நிறுத்த வேண்டும் என்பதையும் அந்த நோட்டை வைத்தே முடிவு செய்யலாம். நோட்டின் நகல் ஒன்றை வி.ஏ.ஓ.விடமும் கொடுத்து வையுங்கள்.